99 வாங்கிய ஜாக்சன் ஏன் ஜனாதிபதி ஆகவில்லை?

1824 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 வாக்குகள், ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, ஆனால் ஜெயித்தது ஆடம்ஸ். புத்தகத்தில் அச்சுப்பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை இல்லைங்க. முதலிடம் போதாது, மொத்தமிருந்த 261 தேர்வாளர் வாக்குகளில் (ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் சார்பில் நியமிக்கப்படுபவர்களின் வாக்குகள்) பாதிக்கு மேல், அதாவது 131 வேண்டும். நான்கு பேர் பிரித்துக்கொண்டதால் யாருக்கும் அது கிடைக்கவில்லை. அப்புறம் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. நீங்கள் தடுமாறும் இடம் இதுதான்: அங்கே தலைக்கு ஒரு வாக்கு இல்லை, மாநிலத்துக்கு ஒன்று. நியூயார்க்கின் 34 உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஒரே வாக்குதான். அதில் 18 பேர் ஆடம்ஸ் பக்கம். ஒருவர் மாறியிருந்தாலும் அந்த வாக்கு கைநழுவியிருக்கும். அதையும் சேர்த்துத்தான் 24 மாநிலங்களில் தேவையான 13 அவருக்குக் கிடைத்தது. ஆடம்ஸை ஆதரித்த சபாநாயகர் ஹென்றி கிளே பிறகு ஆடம்ஸ் அரசில் வெளியுறவு அமைச்சரானார். ஜாக்சனின் ஆத்திரம் எனக்கு நியாயமாகவே படுகிறது. விடை எழுதும்போது, இந்த முறையைச் சொல்லும் அமெரிக்க அரசியலமைப்பின் 12வது திருத்தத்தைக் குறிப்பிட மறக்காதீர்கள்.