“மண் உங்களுடையது” என்று கைவிரிக்கும் கான்ட்ராக்டர்

கேள்வி: கோவில்பட்டி பக்கம் எங்கள் சொந்த மனையில், 28 லட்சம் ரூபாய்க்குப் பேசி கான்ட்ராக்டர் வீடு கட்டித் தந்தார். கரிசல் மண். சாயில் டெஸ்ட் எடுக்காமலே நாலடி தோண்டி அஸ்திவாரம் போட்டுவிட்டார். போன சித்திரையிலிருந்து ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல். கேட்டால், “டெஸ்ட் எடுக்கச் சொல்லி நீங்கள் சொல்லவில்லையே, மண் உங்களுடையது” என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் விரிசலைப் பூசிவிடாதீர்கள். பூசினால் சாட்சியும் சேர்ந்து மறைந்துவிடும்.

கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும் என்பது உங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். கோடையில் நிலம் பிளந்து கை நுழைவதைப் பார்க்காத கான்ட்ராக்டர் அங்கே இருக்க முடியாது. மண் என்ன தாங்கும் என்று பார்த்து அஸ்திவாரம் போடுவது தொழில் தெரிந்தவரின் வேலை. அதற்குத்தான் பணம் கொடுத்தீர்கள். நீங்கள் கேட்கவில்லை என்பது நல்ல பதிலாகாது. ஒன்று மட்டும்: டெஸ்ட் எடுக்கலாம் என்று அவர் சொல்லி, செலவு மிச்சம் என்று நீங்கள் வேண்டாம் என்றிருந்தால், அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி எப்படியும் எதிர்த்தரப்பிலிருந்து வந்துவிடும்.

சொந்த மனை என்பதால் ரெரா (வீடு, மனை விற்பவர்களுக்கான ரியல் எஸ்டேட் சட்டம்) உங்களுக்கு உதவாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வீடு கட்டித் தருவதையும் ‘சேவை’ என்றே சொல்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம்.

வழக்கின் உயிர் மண் அறிக்கைதான். வீடு கட்டியபின்னும் சுவரை ஒட்டித் துளையிட்டு மண் எடுக்கலாம். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். கரிசலுக்கு அது மட்டும் போதாது. மண் எவ்வளவு உப்புகிறது என்ற ஆய்வக சோதனையையும் கேட்டு வாங்குங்கள். அரசு பொறியியல் கல்லூரியின் சிவில் துறை தரும் அறிக்கைக்கு மதிப்பு அதிகம். துளையிடும் நாளைக் கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். தனக்குத் தெரியாமல் எடுத்த மண் என்று பிறகு அவர் சொல்ல முடியாது.

அப்புறம், வக்கீல் நோட்டீஸ். வழக்குப் போடக் காலக்கெடு 2 வருஷம். விரிசல் தெரிந்த சித்திரையிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். “அடுத்த மாசம் ஆள் அனுப்புகிறேன்” என்று அவர் போனில் சொல்வதெல்லாம் அந்தக் கெடுவை நீட்டாது.