துளை ஒன்றா, நான்கா?

(கிருஷ்ணகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. சீசனில் மாங்காய் மண்டியில் கூடை தூக்குவார். பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. சாப்பிட்டதும் வலது பக்கம் பிடித்துக்கொள்கிறது. கிருஷ்ணகிரி டாக்டர் நான்கு துளை போட வேண்டும் என்கிறார். பெங்களூரில் ஒரே துளை போதும், தழும்பே தெரியாது என்கிறார்கள். தம்பியோ ரோபோதான் பெஸ்ட் என்கிறான். எதற்குப் போவது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்தத் துளைகளை அளந்து பார்ப்போம். நான்கு துளையில் தொப்புளில் ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, இரண்டும் சுமார் 1 செ.மீ. வலது விலாவுக்குக் கீழே இரண்டு, தலா அரை செ.மீ. கூட்டினால் 3 செ.மீ. அந்த ஒற்றைத் துளை தொப்புளில் 2 முதல் 2.5 செ.மீ. வரை வரும். லாபம் அவ்வளவுதான். தழும்பு தொப்புளுக்குள் மறைந்துவிடும், அது உண்மை.

ஆனால் கேமராவும் கருவிகளும் ஒரே வாசலில் நுழைந்தால் ஒன்றோடொன்று முட்டும். ஒரே சொம்புக்குள் மூன்று கரண்டியை விட்டுக் கிளறுவது போல. நேரம் கூடும். தொப்புளில் வெட்டு பெரிதாவதால் பின்னாளில் அங்கே குடலிறக்கம் (ஹெர்னியா) வரும் வாய்ப்பும் கூடுகிறது. கூடை தூக்குகிற அம்மாவுக்கு ஒற்றைத் துளையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 3 மி.மீ. கருவிகளை வைத்துச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் பையை வெளியே எடுக்க எப்படியும் ஒரு பெரிய துளை வேண்டும். வீங்கித் தடித்த பித்தப்பைக்கு அந்த மெல்லிய கருவிகள் ஒத்து வராது.

ரோபோ தானாக எதையும் வெட்டாது என்று தம்பியிடம் சொல்லுங்கள். டாக்டர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அதன் கைகளை ஆட்டுவிக்கிறார். அதன் கருவி முனை மணிக்கட்டு போல வளையும். சிக்கலான சில ஆபரேஷன்களில் அது நன்றாக உதவும். சாதாரணப் பித்தப்பைக்கு அந்தச் செலவு வீண் என்பது என் கருத்து. அமெரிக்காவில் முதியவர்களிடம் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பித்தநாளக் காயம் (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாயில் படும் காயம்) சாதாரண லேப்ராஸ்கோபியில், அதாவது ரோபோ இல்லாத துளை ஆபரேஷனில், ஆயிரத்துக்கு 2 பேருக்கும், ரோபோவில் 7 பேருக்கும் வந்திருந்தது.

பயப்பட வேண்டியது அந்தக் காயத்துக்குத்தான், தழும்புக்கு அல்ல. பித்தப்பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு ரத்தக்குழாயும் மட்டும்தான் என்று கண்ணால் தெளிவாகப் பார்த்த பிறகே அவற்றைக் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அது தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்துவிட வேண்டும். அப்படித் திறக்கும் டாக்டரைத் தோற்றுப்போனவர் என்று நினைக்காதீர்கள். நான் படித்த காலத்தில் எல்லோருக்கும் விலாவுக்குக் கீழே ஒரு சாண் வெட்டுதான். ஒரு வாரம் வார்டில் கிடப்பார்கள். ஜெர்மனியில் எரிக் மூஹே 1985இல் துளை வழியாக எடுத்துக் காட்டியபோது சக டாக்டர்களே ஏற்கவில்லை. நம் நாட்டில் 1990இல் மும்பையில் டாக்டர் உத்வாடியா அதைத் தொடங்கி வைத்தார்.

அதனால், "எத்தனை துளை?" என்பதை விட்டுவிட்டு, "மாதம் எத்தனை செய்கிறீர்கள், சிக்கலானால் திறப்பீர்களா?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்பவர் உள்ளூரிலேயே இருந்தால் பெங்களூர் பஸ் ஏற வேண்டியதில்லை. பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் கூடை மட்டும் ஒரு மாதத்துக்கு வேண்டாம், மண்டிக்காரர் எவ்வளவு கூப்பிட்டாலும்.

கேள்வி: நான்கு துளை ஆபரேஷன் முடிந்த அன்று இரவே மாமியாருக்கு வலது தோள்பட்டையில் வலி. வயிற்றில் செய்ததற்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உள்ளே இடம் கிடைக்க வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றுவார்கள். அதில் மிச்சம் நிற்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையை உறுத்தும். உதரவிதான நரம்பும் தோள் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரிகிறது. நூற்றுக்கணக்கான பேருக்கு இதை விளக்கியவன் நான். என் பித்தப்பையை எடுத்த அன்று இரவு, தோள் வலித்ததும் நெஞ்சு வலியோ என்று நர்ஸை மூன்று முறை எழுப்பினேன்! எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் வலி நெஞ்சுக்கோ இடது கைக்கோ பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வயிற்று வலி ஏறிக்கொண்டே போனாலோ அது வாயு இல்லை. விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.