தாத்தாவின் வெள்ளைப் புலி பேட்ச்: போர்க்காலத்ததா? துவைக்கலாமா?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "பரணில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நூல்வேலை செய்த வட்ட பேட்ச் ஒன்று கிடைத்தது. வெள்ளைப் புலி, 300 என்ற எண், சீ ஹாரியர் என்ற பெயர் எல்லாம் இருக்கின்றன. 1971 போரில் தாத்தா விக்ராந்த் கப்பலில் விமான மெக்கானிக்காக இருந்தாராம். இது போரில் அணிந்ததா? அழுக்காக இருக்கிறது, துவைக்கலாமா?"

துவைக்க வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

300 என்பது இந்தியக் கடற்படையின் விமான ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) ஒன்றின் எண். அதன் பெயரே 'வெள்ளைப் புலிகள்'தான். 1960இல் சீ ஹாக் விமானங்களோடு தொடங்கியது. 1971 டிசம்பரில் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்திலிருந்து பறந்துபோய், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியவை அந்த சீ ஹாக்குகளே. உங்கள் பேட்ச்சில் பெயருள்ள சீ ஹாரியர் போர் விமானம் இந்தியாவுக்கு வந்ததோ 1983 டிசம்பரில். ஆக, உங்கள் கையில் இருக்கும் பேட்ச் போரில் அணிந்தது அல்ல.

அதற்காகத் தாத்தா சொன்னது பொய் என்று தயவுசெய்து முடிவுகட்டிவிடாதீர்கள். இதுபோன்ற கேள்விகளில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். விமானம் மாறும், ஸ்குவாட்ரனும் அதன் புலியும் மாறாது. 2016இல் சீ ஹாரியர் ஓய்வுபெற்ற பிறகு அதே புலி மிக்-29கே விமானத்துக்குப் போனது. 1971இல் இருபதுகளில் இருந்தவர் 1983க்குப் பிறகும் பணியில் இருந்திருக்கலாம். ஓய்வுபெற்ற பின் பழைய நண்பர் யாராவது நினைவாகக் கொடுத்ததாகவும் இருக்கலாம். பேட்ச் எந்தக் காலத்தது என்பதை அதிலுள்ள விமானம் சொல்லிவிடும். தாத்தா எங்கே, எப்போது வேலை பார்த்தார் என்பதைக் காகிதம்தான் சொல்லும். அதே பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் ஆணையும் இருக்கிறதா என்று தேடுங்கள். சர்வீஸ் நம்பர் கிடைத்துவிட்டால், அடுத்து யாருக்கு எழுத வேண்டும் என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

இப்போது பேட்ச்சைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெல்க்ரோ இருந்தால் அநேகமாகப் பிற்காலத்தது. ஓரத்தில் தைத்துப் பிரித்த ஊசித் துளைகளும் நூல் துணுக்குகளும் இருந்தால் அது சட்டையில் இருந்த பேட்ச். அந்தத் துணுக்குகளைப் பிடுங்காதீர்கள், அவையும் சான்றுதான். ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டி, வெள்ளை நூல் பளிச்சென்று நீலமாக மின்னினால் புதுசு என்று சிலர் சொல்வார்கள். அதை முழுதாக நம்ப முடியாது. சோப்புப் பொடியில் ஒருமுறை அலசிய பழைய நூலும் அப்படித்தான் மின்னும்.

துவைக்க வேண்டாம் என்றது ஏன்? சிவப்பும் கருநீலமும் சாயம்விட்டால் வெள்ளைப் புலி ரோஸ் புலியாகிவிடும். ஜரிகைக் கம்பி கலந்திருந்தால் ஈரத்தில் கறுக்கும். அயர்ன் பண்ணவும் வேண்டாம், நூல் நசுங்கிப்போகும். மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். உங்கள் பக்கம் உப்புக்காற்று அதிகம் என்பதால், அமிலமில்லாத தாளில் மடிக்காமல் வைத்து, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். ஃபிரேம் போடுவதானால் பசை தடவ விடாதீர்கள், பின்னாலிருந்து நாலு தையல் போதும். வெயில் படும் சுவரும் வேண்டாம்.

அப்புறம், தாத்தாவைப் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை இந்த வாரமே ஒரு தாளில் எழுதி, அதே டப்பாவில் வையுங்கள்.