ஊழிய அழைப்பு உண்டு, பயமும் உண்டு. பயம் போகும்வரை காத்திருக்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: சபை ஊழியத்துக்கு ஆண்டவர் அழைக்கிறார் என்பது நிச்சயம், ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் கை நடுங்குகிறது, நமக்கு என்ன தகுதி என்ற எண்ணம் விடவில்லை, இது போன பிறகு இறங்கினால் போதாதா?

போகாது. பதினொரு வருடமாக உபதேசியாராக இருக்கிறேன். இன்றைக்கும் சனிக்கிழமை ராத்திரி வயிறு கலக்கும். எட்டு மணிக்கே என் மனைவி ஓமத்தண்ணீர் கொதிக்க வைத்துவிடுவாள். பயம் போகட்டும் என்று இருந்திருந்தால் நான் இப்போதும் ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிக் பைப் அளந்துகொண்டிருப்பேன்.

உங்களுக்கு முப்பது தாண்டியிருக்காது. கையில் ஏதோ ஒரு வேலை இருக்கும். "நீ வயித்துல இருக்கும்போதே ஆண்டவருக்குன்னு நேர்ந்துட்டேன்" என்று அம்மா சொல்லியிருப்பார்கள். தப்பாக இருந்தால் மன்னியுங்கள், என் கதை அப்படி.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம் ஒன்றில் பல ஊர்ச் சபைகள் இருக்கும், குருவானவர் ஒருவர்தான். அவரை ஐயர் என்போம். ஊரில் தங்கி ஜெபம் நடத்துவது, வீடு சந்திப்பது, ஓய்வுநாள் பள்ளி எல்லாம் உபதேசியார் தலையில். காகிதத்தில் இப்போது சபை ஊழியர், ஊர் வாயில் உபதேசியார்தான்.

நான் போய் மூன்றாவது மாதம், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு ஊர். ஒரு பாட்டி இறந்துபோனார்கள், எண்பது தாண்டிய வயது. ஐயர் வெளியூரில். மகன்கள் மும்பையிலிருந்து வந்து சேரவே மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது, அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. ஐயர் போனில், "புத்தகத்துல இருக்கிறத அப்படியே வாசிங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஆயிற்று. தேரி மண் சரியும், தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் குழி வெட்டுவார்கள். அந்த ஈர விளிம்பில் நிற்கிறேன். இறந்தவர் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். சட்டைப்பையில் கர்ச்சீப்பைத் தேடின குழப்பத்தில் அது எங்கேயோ விழுந்துவிட்டது. பெட்டியை இறக்கி, "மண்ணுக்கு மண்ணாகவும்" என்கிற இடத்துக்கு வந்தாயிற்று. பெயர் சொல்ல வேண்டும். சொன்னேன். இறந்தவரின் தங்கச்சி பெயரை!

தங்கச்சிப் பாட்டி தலைமாட்டில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். மூத்த மகன் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. திருத்திச் சொல்லி முடித்தேன். எப்படி முடித்தேன் என்று கேட்காதீர்கள். அன்று ராத்திரியே, என்னை ஊழியத்திலிருந்து விடுவிக்கும்படி ஐயருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன்.

காலையில் அந்தத் தங்கச்சிப் பாட்டி என் வீட்டுத் திண்ணையில். "நேத்து என்னையப் பொதச்சிட்டீரே உபதேசியாரே. உசுரோடதான் வந்திருக்கேன், ஒரு காப்பி போடச் சொல்லும்" என்றார்கள். நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பாட்டி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னது: "உமக்கு முந்தி இருந்தவரு எங்க பேர ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல. எங்க வீட்டு நடையேறினதும் இல்ல." உண்மையில் நான் வாரா வாரம் அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வீட்டுக்கும் போய் ஜெபம் பண்ணிவிட்டு வருவேன். ரெண்டு பெயரும் 'ஞான' என்றே தொடங்கும். கலந்துபோனது அப்படித்தான்.

கடிதம் கொஞ்ச நாள் வேதப்புத்தகத்துக்குள் கிடந்தது. அப்புறம் காணவில்லை.

இதைப் படித்துவிட்டு "ஊழியக்காரன் பயப்படலாமா, தேவன் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லையே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். 2 தீமோத்தேயு 1:7 எனக்கும் மனப்பாடம் ஐயா. அது யாருக்கு எழுதினது என்று பாருங்கள், பவுல் தன்னோடு ஊழியம் செய்த வாலிபன் தீமோத்தேயுவுக்கு. தைரியமாய்த் திரிந்தவனுக்கு அந்த வசனம் எதற்கு? தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறும் உண்டு. பவுல் அவனுக்கு விசுவாசம் போதாது என்று திட்டவில்லை, கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று கைவைத்தியம் சொன்னார். அந்தப் பவுலே கொரிந்தியருக்கு, பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று எழுதினவர். பயந்தவனை அடிக்க அந்த ஒரு வசனத்தைக் கம்பாகத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அதற்காக எல்லா நடுக்கமும் அழைப்பின் அடையாளம் என்று சொல்லவரவில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் கிடந்தால் டாக்டரைப் பாருங்கள். நானும் ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டவன்தான்.

தகுதி என்றீர்கள். நான் பி.டி. என்கிற இறையியல் பட்டம் படித்தவனில்லை, உபதேசியார் பயிற்சி மட்டும். ஆனால் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் சபை வளர்ந்ததே உபதேசியார்களால்தான். தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெறும்வரை உபதேசியார். 1799இல் முதலூர் என்கிற கிறிஸ்தவ ஊர் உண்டாகக் காரணமான தாவீது சுந்தரானந்தமும் உபதேசியார்தான். அவர்களோடு என்னைச் சேர்க்கவில்லை, தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள். பட்டம் இல்லையே என்று நீங்கள் குன்றிப்போகக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. இப்போது அடக்க ஆராதனையை யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள். சரி, துபாயில் இருக்கிற பேரன் பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் குழி விளிம்பில் நிற்கிறவனிடம் கேமராக்காரத் தம்பி, "உபதேசியாரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பெட்டி மறைக்குது" என்கிறார். போன மாதம் "அந்த ஜெபத்த இன்னொரு தடவ சொல்ல முடியுமா, மைக் ஆன் ஆகல" என்றே கேட்டுவிட்டார். நான் என்ன கல்யாண ஆல்பத்துக்கா நிற்கிறேன்? சொன்னால் உபதேசியாருக்குக் காலம் தெரியவில்லை என்பார்கள்.

அந்தத் தங்கச்சிப் பாட்டி நாலு வருடம் கழித்து இறந்தார்கள். அப்போது நான் வேறு ஊரில். மகளிடம் சொல்லிவைத்திருந்தார்களாம்: "ஐயர் நடத்தட்டும், பேர மட்டும் அந்த உபதேசியார் சொல்லட்டும், அவருக்குத்தான் என் பேரு நல்லாத் தெரியும்." அடக்கத்துக்குப் போனேன். பெயர் சொல்லும் இடம் வந்ததும் ஐயர் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது, முழங்கால் ஆடியது. பெயரைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்த மகள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.