பக்கத்து இருக்கையில் யார்?

கேள்வி: கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பஸ் ஏறியதும், பக்கத்து இருக்கையை வீடியோவில் காட்டும்படி எனக்கு நிச்சயித்தவர் கேட்கிறார். அழைப்பை எடுக்காவிட்டால் சாவேன் என்கிறார். இது அளவு கடந்த அன்புதானே அக்கா?
– வாசகி, முறிகண்டி

பதில்: இல்லை, தங்கச்சி. அன்புள்ளவர் "சாப்பிட்டீரா?" என்றல்லவா கேட்பார்! இது இழந்துவிடுவோமோ என்ற பயம். குழந்தைகளின் பற்றுதலை ஆராய்ந்த பிரித்தானிய மனநல மருத்துவர் ஜோன் போல்பி, பிரிவுப் பதற்றம் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 2009இல் உறவுகளைத் தொலைத்த எங்கள் வன்னியில் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கலாம். அதற்காக நீங்கள் கைதியாக வேண்டாம். காட்டக் காட்டச் சந்தேகம் கூடும். வேலை நேரத்தில் எடுக்கமாட்டேன் என்று சொல்லி, அதிலேயே நில்லுங்கள். சாவேன் என்பதைத் தனியே சுமக்காதீர்கள். அவருடைய தமையனிடம் உடனே சொல்லுங்கள். 1926 மனநல உதவி இலக்கம். கல்யாணத்தைத் தள்ளிவையுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கொடுத்தாயிற்று என்று அம்மா முணுமுணுத்தால், முணுமுணுக்கட்டும்.