முடி கொட்டுகிறதா? ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

(திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் பதில் சொல்கிறார்)

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணே, ஒரு ஷாம்புவில் பயோட்டின், இன்னொன்றில் காஃபின், மற்றொன்றில் கீட்டோகோனசோல். முடி கொட்டுவதற்கு எதை வாங்கலாம்?

தம்பி, பொடுகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பூஞ்சையைக் கொல்லும் கீட்டோகோனசோல் 2%. பூஞ்சை அடங்கி அரிப்பு நின்றால், சொறிந்து சொறிந்து உதிர்வதும் குறையும். வாரம் 2 முறை தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். போட்ட கையோடு அலசினால் காசு சாக்கடையில்தான். பயோட்டின் என்ற வைட்டமினும் அப்படித்தான், தண்ணீரோடு போய்விடும். காஃபினுக்குச் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. என் காசை அதில் போட மாட்டேன். லேபிளில் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவை அளவு வரிசைப்படி வரும், மற்றவை அதற்குப் பின்னால். வாசனைப் பொருளோடு கடைசி வரியில் வெங்காயச் சாறு ஒட்டிக்கொண்டிருந்தால், முன்பக்க வெங்காயப் படம் மட்டும்தான் பெரிசு!

முதலியார்பேட்டையிலிருந்து: பிரசவமாகி 3 மாதம். கொத்துக் கொத்தாகப் போகிறது. எந்த ஷாம்பு நல்லது சார்?

எந்த ஷாம்புவும் இதை நிறுத்தாதும்மா, பெரும்பாலும் தானாக நிற்கும். பிரசவம், டெங்கு, டைபாய்டு எல்லாமே 2, 3 மாதம் கழித்துத்தான் முடியில் காட்டும். ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பாருங்கள். பயோட்டின் மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் ரத்தம் எடுக்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள், தைராய்டு ரிசல்ட் தப்பாக வரலாம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. சல்ஃபேட் இல்லாத ஷாம்புக்கு மாறினால் கொட்டுவது நிற்குமா?

விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டி முண்டு இருந்தால் வேரோடு வந்தது. இல்லாவிட்டால் நடுவில் முறிந்தது. உப்புத் தண்ணீரும் சல்ஃபேட்டும் முடியை வறட்டி முறிக்கும், வேரைப் பிடுங்காது. முறிவதுதான் என்றால் தண்ணீரின் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ (லேபிளில் EDTA) சேர்ந்த ஷாம்பு வாங்கி, கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். நுனிக்குக் கண்டிஷனர்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: மினாக்ஸிடில் ஷாம்பு வாங்கலாமா?

வேண்டாம். மினாக்ஸிடில் முடி வளர்வதற்கான மருந்து, தலையில் தங்கினால்தான் வேலை செய்யும், லோஷனாகத் தடவ வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடக் கூடாது. மற்றவர்கள் தோல் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டலாம், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.