ரிப்போர்ட்டோடு தொந்தரவையும் எழுதுங்கள்: ஹார்மோன் கேள்வி-பதில்

எட்டு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். டோஸ் கூடிக்கொண்டே போகிறது, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும், மிகுந்தால் இறங்கும்) 9-ஐ விட்டு இறங்கவில்லை. மாத்திரையைக் காலைக் காபியோடு போடுவது தவறா? – வாசகி, ஏற்காடு

தவறுதான். காபி அந்த மருந்தை உடலில் சரியாகச் சேரவிடாது. எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, முக்கால் மணி நேரமாவது பொறுத்துக் காபி குடியுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள். காபி விஷயம் தெரியாமல் உயர்த்திய டோஸ், இனி முழுமையாகச் சேரும்போது மிகையாகிப் படபடப்பைத் தரலாம். மாற்றிய 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள், அதற்கு முன் பார்ப்பது பணத்துக்குக் கேடு.

எங்கள் காட்டில் மரவள்ளிதான். கிழங்கு தின்றால் தைராய்டு வரும் என்கிறார்களே? – வாசகர், ஆத்தூர்

கிழங்கில் உள்ள சயனைடு தரும் பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுப்பது உண்மை. அயோடின் பற்றாக்குறையும், சரியாகப் பக்குவப்படுத்தாத கிழங்கே அன்றாட உணவாக இருப்பதும் சேரும் இடங்களில்தான் அது கழலையில் (கழுத்தில் தைராய்டு வீக்கம்) முடிகிறது. தோலுரித்து, நிறைய நீரில் வேகவைத்து வடித்து, அயோடின் கலந்த உப்போடு உண்பவர் அஞ்ச வேண்டாம்.

வயது 34. சோர்வு அதிகம். மாலையில் எடுத்த சோதனையில் டெஸ்டோஸ்டீரோன் (ஆண் ஹார்மோன்) குறைவு. ஊசி போடலாமா? – வாசகர், ஓமலூர்

கூடாது. காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு இரண்டு நாள்களில் எடுத்தும் குறைந்திருந்தால்தான் மேற்கொண்டு பேச வேண்டும். குழந்தை வேண்டுபவருக்கு அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும்.

ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன். சிவப்பில் உள்ளவை எல்லாம் நோயா? – வாசகர், சூரமங்கலம்

11 பக்க ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பியவர், தம் வயதையோ, என்ன தொந்தரவு என்பதையோ, சாப்பிடும் மருந்துகளையோ ஒரு வரிகூட எழுதவில்லை. மாதந்தோறும் இப்படிப் பத்துக் கடிதமாவது வருகிறது. வருத்தத்தோடு சொல்கிறேன், இவற்றுக்கு எந்த மருத்துவரும் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது. இயல்பு வரம்பு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேரை உள்ளடக்கிப் போடப்பட்ட கோடு. 20 சோதனைகளை ஒரே பேக்கேஜாகச் செய்துகொண்டால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது சிவப்பில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ரத்தம் எடுத்த நேரம் தெரியாமல் அந்த எண்ணை வைத்து என்ன சொல்வது?

சென்ற ஆண்டு வாழப்பாடியிலிருந்து ஒரு பெண் வந்தார். சலுகை விலைப் பேக்கேஜில் டி.எஸ்.எச். 0.1 என்றும் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் கூடுதல் என்றும் வந்ததைப் பார்த்து, தைராய்டை அடக்கும் மாத்திரையை ஓரிடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நல்லவேளை, அவர் வாங்கவில்லை. நாடித் துடிப்பு 72. நீட்டிய விரல்களில் நடுக்கமே இல்லை. கைப்பையில் உள்ளதை மேசையில் கொட்டச் சொன்னேன். சீப்புக்கும் பேருந்துச் சீட்டுக்கும் நடுவே, முடி உதிர்வதற்கென்று கடையில் தாமே வாங்கிய பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) 10 மில்லிகிராம் அட்டை கிடந்தது; அன்றாடத் தேவையைப் போல் அது 300 மடங்கு. சில கருவிகளில் பயோட்டின் சோதனையையே குழப்பி, இல்லாத தைராய்டு மிகையைக் காட்டும். அதை நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். 2.

ஆகவே முதலில் தொந்தரவைச் சொல்லுங்கள். எந்தச் சோதனை, எந்த நேரத்தில், முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கொண்டுபோங்கள்.

வயது 50. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆகிறது. மாதவிடாய் நின்றுவிட்டதா என்று அறிய எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைப் பார்க்க வேண்டுமா? – வாசகி, அம்மாபேட்டை

வேண்டாம். இனி ஒரு துளி ரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

மகளுக்கு புரோலாக்டின் (மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்) 40. மூளையில் கட்டி இருக்குமோ என்று உறக்கமில்லை. – வாசகி, செவ்வாய்ப்பேட்டை

இந்த அளவு உயர்வு, ஊசி குத்தும் பயத்திலேயே வரலாம். நெஞ்செரிச்சலுக்கு மகள் சாப்பிடுவதாக எழுதியுள்ள மாத்திரையில் டொம்பெரிடோன் சேர்ந்திருந்தால், அதுவும் புரோலாக்டினை உயர்த்தும். அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்து, மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் ஒப்புதலோடு அதை 3 நாள் நிறுத்தி, காலையில் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்தபின் மறுபடி ரத்தம் கொடுக்கட்டும். ஸ்கேன் தேவையா என்பதை அந்த முடிவு வந்தபின் பேசலாம்.